பத்து நிமிஷ சென்சாரும் ஒரு ராத்திரி ஊறலும்

தூத்துக்குடியில் ஒரு இறால் ஏற்றுமதி ஆலையின் நுண்ணுயிரியல் லேபில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே என் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது இறால் வாசனை இல்லை. பாக்டீரியாவை வளர்க்கும் சத்துத் திரவமான பெப்டோன் வாட்டர் ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் கிடந்து, காலையில் கதவைத் திறந்ததும் அடிக்குமே ஒரு புளித்த வாடை, அதுதான். இட்லி மாவு வாடைக்கும் அதற்கும் ரொம்ப தூரம் கிடையாது. வேலையும் கிட்டத்தட்ட அதேதான். ஊறப்போடு, பொங்கட்டும், அப்புறம் பார்.

சால்மோனெல்லா என்பது உணவு வழியே வந்து வயிற்றைக் கெடுக்கும் பாக்டீரியா. அதற்கான பரிசோதனையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். 25 கிராம் இறால் சதையை 225 மில்லி பெப்டோன் வாட்டரில் போட்டு அடித்து, 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைக்க வேண்டும். மறுநாள் அதில் கொஞ்சம் எடுத்து, மற்ற கிருமிகளை அமுக்கிவிட்டு சால்மோனெல்லாவை வளரவிடும் வேறொரு திரவத்தில் 41.5 டிகிரியில் இன்னொரு நாள். மூன்றாம் நாள் எக்ஸ்.எல்.டி. என்ற, பாக்டீரியா வளரும் கூழ் ஊற்றிய பிளேட்டில் கோடு இழுப்போம். நான்காம் நாள் காலை, நடுவில் கறுத்த காலனி (பாக்டீரியா கூட்டமாக வளர்ந்த புள்ளி) ஒன்று தெரிந்தால் வயிற்றைக் கலக்கும். அது சால்மோனெல்லாதானா என்று உறுதிசெய்ய மேலும் ஒன்றிரண்டு நாள். விதி என்னவென்றால் 25 கிராமில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பத்து இருக்கலாம், நூறு இருக்கலாம் என்கிற பேச்சே கிடையாது.

இந்த ஐந்து நாளும் டெஸ்பாட்ச் பார்க்கும் அண்ணாச்சி தினம் இரண்டு தடவை லேப் வாசலுக்கு வருவார். உள்ளே வர அனுமதி இல்லை, செருப்பை வெளியே விட்டுவிட்டு கண்ணாடிக் கதவில் விரலால் தட்டுவார். "ஏம்மா, இன்னைக்காவது ரிசல்ட் வந்துருமா?" நான் விரலைக் காட்டுவேன், இன்னும் இரண்டு நாள் என்று. குளிர் கிடங்கில் சரக்கு நிற்கிறது, கப்பலுக்குத் தேதி நெருங்குகிறது. அவர் கவலை அவருக்கு.

ஆகவே சென்னையில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் ஆப்டிகல் பயோசென்சார், அதாவது ஒளியை வைத்துக் கிருமியைக் கண்டுபிடிக்கும் கருவி, செய்யும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பித்துவிட்டேன். படித்த கட்டுரைகளில் எல்லாம் 'பத்து நிமிடத்தில்', 'பதினைந்து நிமிடத்தில்' என்று தலைப்பு. கிளம்பும் நாள் அண்ணாச்சியிடம் வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன்: "அண்ணாச்சி, மூணு வருஷம் பொறுங்க. சாம்பிளைக் குடுத்துட்டு டீ குடிச்சிட்டு வாங்க, ரிசல்ட் ரெடியா இருக்கும்." அந்தப் பேச்சு பிறகு என்னைப் படுத்தியது.

எங்கள் சென்சார் ஒரு ஒளியிழை. 200 மைக்ரான் தடிமன், தலைமுடியைப் போல இரண்டு மூன்று மடங்கு பருமன். அதன் மேலுறையைச் சுரண்டி நீக்கிவிட்டு, சிறு தீச்சுடரில் காட்டி, 'U' போல வளைக்க வேண்டும். ஒரு முனையில் எல்.இ.டி. வெளிச்சம் போகும், மறுமுனையில் ஒரு டிடெக்டர். ஒளி இழைக்குள்ளேயே மோதி மோதிப் போகிறது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் ஒவ்வொரு தடவை சுவரில் மோதும்போதும் கொஞ்சம் ஒளி சுவரைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்புகிறது. எட்டிப் பார்க்கும் தூரம் சில நூறு நானோமீட்டருக்குள்தான். வளைவில் இந்த எட்டிப் பார்ப்பு கூடும். அந்த இடத்தில் குறிப்பிட்ட பாக்டீரியாவை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை ஒட்டி வைத்தால், பாக்டீரியா வந்து ஒட்டும்போது ஒளியில் ஒரு பங்கு உறிஞ்சப்படும் அல்லது சிதறும். மறுமுனைக்கு வரும் வெளிச்சம் குறையும். 2011இல் மும்பை ஐஐடி குழு ஒன்று இப்படி வளைத்த இழையில், 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியில், எந்தச் சாயமும் சேர்க்காமல் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைக் கண்டது. நாங்கள் தொடங்கியதும் அந்தக் கட்டுரையிலிருந்துதான்.

இதற்கு அண்ணன் ஒருவர் உண்டு. கண்ணாடியின் மேல் சுமார் 50 நானோமீட்டர் தங்கப் படலம் பூசி, அதில் ஒளியை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அடித்துப் பார்க்கும் சர்ஃபேஸ் பிளாஸ்மான் முறை. 1983இல் ஸ்வீடன்காரர்கள் இதைப் புரதங்களைக் கண்டறியப் பயன்படுத்திக் காட்டினார்கள். 1990 வாக்கில் பயாகோர் என்ற கருவியாகச் சந்தைக்கு வந்தது. புரதத்துக்கு அருமையான கருவி. பாக்டீரியாவுக்கு அவ்வளவு பொருந்தாது. ஏனென்றால் பாக்டீரியா ஒன்றிரண்டு மைக்ரான் பெரிசு, ஒளி எட்டிப் பார்ப்பதோ அதில் ஒரு சிறு பங்கு. வாசலில் நிற்கிற ஆளைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தால் கணுக்கால் மட்டும் தெரியுமே, அப்படி. ஒளியிழைக்கும் இதே குறைதான். அதனால் நாங்கள் பிற்பாடு தங்க நுண்துகள் சேர்த்தோம். பாக்டீரியா ஒட்டிய பிறகு, ஆன்டிபாடி பூசிய தங்கத் துகள்களை விட்டால் அவையும் வந்து ஒட்டும். அந்தத் துகள் கரைசல் ரோஸ் மில்க் மாதிரி சிவப்பாக இருக்கும், பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் வரும் சிவப்புக் கோடும் பெரும்பாலும் இதே தங்கம்தான். அந்த வகையில் பார்த்தால் மருந்துக் கடையில் தொங்கும் அந்தப் பட்டையும் ஒரு ஆப்டிகல் பயோசென்சார்தான், நம் கண் அதன் டிடெக்டர்.

இழையை வளைப்பதில்தான் என் முதல் இரண்டு மாதம் போயிற்று. சுடரின் நீல முனைக்குச் சற்று மேலே பிடிக்க வேண்டும். இழை இளகி தானாகத் தலைசாய்க்கும் கணம் ஒன்று வரும், அப்போது இரண்டு முனைகளையும் மெதுவாகச் சேர்த்தால் வளைவு விழும். அரை நொடி தாமதித்தால் வளைவில் இடுப்பு போல ஒரு ஒடுக்கம் விழுந்துவிடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, உப்புநீரில் விட்டு வெளிச்சத்தை அளந்தால் ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு பாட்டுப் பாடும். ஐம்பது வளைத்தால் முப்பது தேறும். தேறாததைத் தூக்கிப் போட மனசு வராது, ஆனால் போட்டாக வேண்டும். வெவ்வேறு வளைவுள்ள இழைகளை ஒரே சோதனையில் கலந்து, வந்த வித்தியாசத்தைப் பாக்டீரியாவின் வித்தியாசம் என்று நம்பி ஒரு மாத டேட்டாவைக் கெடுத்தவள் சொல்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. இழையைச் சுத்தம் செய்ய அடர் சல்ஃபியூரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலைப் பயன்படுத்துவோம். லேபில் அதற்குப் பெயரே பிரானா, சதையைக் கடித்துத் தின்னும் மீனின் பெயர். அமிலத்தில் பெராக்சைடை மெதுவாக ஊற்ற வேண்டும், அசிட்டோன் போன்ற எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது, மிச்சமான கரைசலைப் பாட்டிலில் ஊற்றி இறுக மூடவே கூடாது. எங்கள் லேபில் ஒரு பையன் மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். நல்லவேளை, ஃபியூம் ஹுட்டின் (புகை உறிஞ்சும் பெட்டியின்) கண்ணாடி கீழே இறங்கியிருந்தது.

சுத்தமான உப்புக் கரைசலில், நோய் உண்டாக்காத ஈ.கோலை வகை ஒன்றைக் கலந்து பார்த்தபோது எல்லாம் அழகாக வந்தது. மில்லிக்குப் பத்தாயிரம் செல் இருந்தால் இருபது நிமிஷத்தில் திரையில் வெளிச்சத்தின் கோடு தெளிவாக இறங்கியது. துகள் சேர்த்த பிறகு ஆயிரம் வரைகூடத் தெரிந்தது. அன்றைக்கு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம்.

முதல் அடி ஏசி கொடுத்தது. மே மாதம். சிக்னல் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. பாக்டீரியாவே போடாத வெறும் பஃபரிலும், அதாவது அந்த உப்புக் கரைசலிலும், அப்படியே. இரண்டு நாள் ஆன்டிபாடியைத் திட்டினேன், ஒரு நாள் டிடெக்டரைத் திட்டினேன். கடைசியில் லேப் கூட்டும் அக்காதான், "அந்த மெஷின் ஏசி கட்டாகி ஓடும்போதெல்லாம் ஆடுதும்மா" என்றார். கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். கம்ப்ரஸர் ஓடி நிற்கும் தாளத்துக்கே கோடு ஆடியது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.0001 மாறும். கேட்கச் சின்ன எண்தான். சில பாக்டீரியா ஒட்டுவதால் வரும் மாற்றமும் அந்த அளவுதான் என்பதுதான் சங்கடம்.

அதிலிருந்து எந்த அளவீட்டையும் ஒற்றை இழையில் எடுப்பதில்லை. ஒரே கிண்ணத்தில் இரண்டு இழை. ஒன்றில் சரியான ஆன்டிபாடி, இன்னொன்றில் சம்பந்தமே இல்லாத ஆன்டிபாடி. வெப்பம், அதிர்வு, சாம்பிளின் கலங்கல் எல்லாம் இரண்டையும் ஒன்றாகத்தான் ஆட்டும். கழித்துப் பார்த்தால் மிஞ்சுவதுதான் நமக்கு வேண்டிய கணக்கு. யாராவது உங்களிடம் கருவியை விற்க வந்தால் முதலில் கேளுங்கள்: ஒப்பீட்டு இழையின் கோட்டைக் காட்டு. காட்டத் தயங்கினால் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம்.

அடுத்தது இறால். பஃபரில் அழகாக நடந்த சென்சாரை இறால் அடித்த திரவத்தில் வைத்ததும், அதில் இருக்கிற புரதமெல்லாம் ஓடிவந்து இழையில் அப்பிக்கொண்டது. பாக்டீரியாவுக்கு இடமே இல்லை. காலியிடங்களை முன்கூட்டியே மாட்டு சீரம் அல்புமின் என்ற புரதத்தால் அடைத்து வைப்பது, பஃபரில் சோப்பு மாதிரியான ட்வீன்-20 கொஞ்சம் சேர்ப்பது, பெரிய துகள்களை வடிகட்டுவது என்று வழிகள் உண்டு. ஓரளவுக்குத்தான் கைகொடுத்தன. உண்மையில் கைகொடுத்தது காந்த மணிகள். ஆன்டிபாடி பூசிய நுண்ணிய காந்த மணிகளை 10 மில்லி திரவத்தில் விட்டுக் குலுக்கினால் சால்மோனெல்லா அவற்றில் ஒட்டிக்கொள்ளும். குழாயின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் பழுப்பாக ஒரு பொட்டு சுவரில் சேரும். மீதித் திரவத்தை உறிஞ்சி வீசிவிட்டு, பொட்டை 0.2 மில்லி சுத்தமான பஃபரில் கரைத்துக்கொள்ளலாம். அழுக்கும் போயிற்று, செறிவும் ஐம்பது மடங்கு கூடிற்று.

செறிவு என்றதும் என்னைத் தூங்கவிடாமல் செய்த கணக்குக்கு வருகிறேன். விதி 25 கிராமில் ஒன்றுகூடக் கூடாது என்கிறது. அதாவது 250 மில்லி திரவத்தில் ஒரே ஒரு செல் இருந்தாலும் கண்டுபிடித்தாக வேண்டும். என் சென்சார் கிண்ணம் கொள்வதோ கால் மில்லி. அந்தக் கால் மில்லிக்குள் அந்த ஒற்றைச் செல் வந்து விழும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. சென்சார் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், ஒற்றைச் செல்லையே காணும் கருவியாக இருந்தாலும், ஆயிரத்துக்கு 999 தடவை 'இல்லை' என்றுதான் சொல்லும். கிண்ணத்தில் இல்லாததை எப்படிக் காண்பது?

கிண்ணத்துக்குள் விழுந்தாலும் பாடுதான். ஒரு மைக்ரான் அளவுள்ள, தானாக நீந்தாத செல் தண்ணீரில் அலைந்து அலைந்து ஒரு மில்லிமீட்டர் நகர எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ பன்னிரண்டு நாள்! சென்சார் பத்து நிமிஷத்தில் சொல்லும், பாக்டீரியா சென்சாரிடம் வந்து சேர்ந்தால். திரவத்தை ஓடவிடுவதும் கலக்குவதும் காந்தத்தால் இழுத்து வருவதும் அலங்காரத்துக்குச் செய்கிற வேலைகள் இல்லை.

ஆகவே ஊறப்போடாமல் முடியாது. எவ்வளவு நேரம்? ஒற்றைச் செல் 21 தடவை இரட்டித்தால் சுமார் 21 லட்சம். 250 மில்லியில் அது மில்லிக்கு எட்டாயிரத்துச் சொச்சம், நம் சென்சாருக்குப் போதும். நல்ல உணவும் சூடும் இருந்தால் இரட்டிக்க இருபது முதல் முப்பது நிமிஷம். மொத்தம் ஏழிலிருந்து பத்தரை மணி நேரம். இது ஆரோக்கியமான செல்லுக்கு. உறைந்த இறாலில் கிடந்து அடிபட்ட செல் எழுந்து உட்காரவே சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். காந்த மணியின் ஐம்பது மடங்கு, ஐந்தரை இரட்டிப்புக்குச் சமம். கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் மிச்சம். எப்படிச் சுருக்கினாலும் பாதுகாப்பாக ஒரு ராத்திரி வேண்டும். ஐந்து நாள் ஒரு நாளாகும். பத்து நிமிஷம் ஆகாது.

இதை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறேன் என்றால், 'விரைவான பரிசோதனை' என்று வருகிற விளம்பரங்கள் ஊறல் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கல்யாணச் சமையல் பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு, பரிமாறும் நேரத்தை மட்டும் சொன்ன கதை.

செத்த பாக்டீரியா விவகாரம் தனி. பயிற்சிக்காக ஓர் ஆலையின் கழுவுநீர் சாம்பிள் வந்தது. குளோரின் போட்ட தண்ணீர். ஈ.கோலை இழை சட்டென்று கீழே இறங்கியது, ஒப்பீட்டு இழை அசையவில்லை. சந்தேகத்துக்கே இடமில்லாத பாசிட்டிவ். அவர்களுக்குத் தகவலும் சொல்லிவிட்டேன். மறுநாள் அதே சாம்பிளின் பிளேட் துடைத்து வைத்த மாதிரி வெறுமையாக இருந்தது. ஆன்டிபாடிக்குச் செல்லின் வெளித்தோல்தான் அடையாளம். குளோரின் கொன்ற செல்லுக்கும் அதே தோல்தானே? பிணத்தின் ஆதார் அட்டையைப் பார்த்து ஆள் இருக்கிறார் என்று சொன்ன மாதிரி ஆயிற்று. ஆலைக்காரர் போனில் கத்தவில்லை. "உங்க மெஷின் எதுக்குங்க?" என்று அமைதியாகக் கேட்டார். கத்தியிருந்தால் தேவலாம்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை அளப்பது என்று வைத்துக்கொண்டோம். சாம்பிளை ஊறப்போடும்போது ஒன்று, ஊறி முடிந்த பிறகு ஒன்று. இரண்டாவது அளவு முதலாவதைவிடக் கூடியிருந்தால் உயிருள்ளது, பெருகியிருக்கிறது. அப்படியே இருந்தால் பெரும்பாலும் செத்தது. இங்கும் ஓட்டை உண்டு. உயிரோடு இருந்தும் வளர்ப்புத் திரவத்தில் வளர மறுக்கும் நிலைக்குச் சில பாக்டீரியா போய்விடும், அவை இந்த வலையில் சிக்காது. பிளேட்டிலும் சிக்காது என்பது ஒரு ஆறுதல்.

ஆன்டிபாடி ஆளை மாற்றிப் பிடிப்பதும் நடக்கும். சால்மோனெல்லாவுக்கு என்று வாங்கியது சிட்ரோபாக்டர் என்ற வேறு பாக்டீரியாவையும் சில நேரம் கட்டிக்கொள்ளும், இரண்டுக்கும் மேல்தோலில் சில பொது அடையாளங்கள் உண்டு. புது லாட் வந்தால் பழைய லாட்டோடு ஒப்பிடாமல் வேலையைத் தொடங்காதீர்கள். மின்வெட்டில் ஃபிரிட்ஜ் நின்றதா என்று காவலாளியிடம் கேட்டுக்கொள்வதும் நல்லது. ஆன்டிபாடியைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறைய வைத்துவிட்டால், ஒரே பாட்டிலைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்க வேண்டியிருக்காது. பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு (சோதனை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க) வைத்திருக்கும் உயிருள்ள சால்மோனெல்லாவைக் கடைசியாகத் தொடுங்கள், முடிந்தால் வேறு அறையில். சாம்பிளில் வந்த பாசிட்டிவ் நம் சொந்தப் பைப்பெட்டிலிருந்து வந்தது என்று தெரிய வந்தால் அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்காது. பயன்படுத்திய இழைகளும் திரவங்களும் 121 டிகிரி அழுத்த நீராவியில் ஆட்டோகிளேவ் ஆகாமல் குப்பைக்குப் போகக் கூடாது. இழைதானே, கண்ணாடிதானே என்று நினைப்பவர்கள் உண்டு.

மூன்று வருஷம் நான்காகி ஊருக்குத் திரும்பினேன். இப்போது ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். சாயங்காலம் சாம்பிளை ஊறப்போடுகிறோம். காலையில் காந்த மணி, பிறகு இழை. ஒன்பதரைக்குள் தெரிந்துவிடும். நெகட்டிவ் என்றால் ஆலைக்காரர் சரக்கைப் பேக்கிங்குக்கு நகர்த்தலாம், லாரி பேசலாம். பாசிட்டிவ் என்றால் அந்த லாட்டைத் தனியே ஒதுக்கி வைப்பார்கள். இரண்டிலும் பிளேட் வேலை பழையபடி நடக்கும். சான்றிதழில் போவது பிளேட் சொல்லும் முடிவு மட்டும்தான். இழை சொல்வது எங்களுக்குள் பேசிக்கொள்கிற பேச்சு. முதல் ஆறு மாதம் எல்லாச் சாம்பிளையும் இரண்டு முறையிலும் செய்து, எங்கே இழை தவறியது என்று ஒரு நோட்டில் எழுதினேன். கருவி வாங்குபவர்கள் அந்த நோட்டையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். அது கூட வராது, நாம்தான் எழுத வேண்டும்.

சின்ன வயதில் பால் சொசைட்டியில் மெத்திலீன் புளூ சோதனையைப் பார்த்திருக்கிறேன். குழாயில் பால், அதில் ஒரு அளவு நீலச் சாயம், 37 டிகிரி வெந்நீர்த் தொட்டி. பாலில் பாக்டீரியா அதிகம் என்றால் அரை மணிக்குள் நீலம் வெளுத்துவிடும். நல்ல பால் ஐந்து மணி நேரம்கூட நீலமாகவே நிற்கும். எந்தப் பாக்டீரியா என்று அது சொல்லாது. ஆனால் அங்கே ஊறலும் அளவீடும் ஒரே குழாயில் நடந்தன. நாலு வருஷம் ஒளியிழையோடு மல்லுக்கட்டிய பிறகுதான் அந்த நீலக் குழாயைச் செய்தவர்களின் புத்தி எனக்கு உறைத்தது.

அண்ணாச்சி இப்போதும் போன் செய்வார். ரிசல்ட் வந்துட்டா என்று கேட்பதில்லை.

"நேத்து எத்தனை மணிக்கும்மா ஊறப்போட்ட?"

"ஏழரைக்கு அண்ணாச்சி."

"அப்ப நான் ஒம்பதரைக்கே வாரேன்."